மாவுப்பூச்சியும் அதன் சத்துருவும்

பயிருக்கு நேரும் தீங்குகள் இரு வகைப்படும். ஒரு குடியானவன் தன் வரப்புக்குள்ளேயே நின்று தடுத்துக்கொள்ளக் கூடியவை ஒரு வகை. ஊரார் அனைவரும் ஒருமனப்பட்டாலன்றித் தடுக்க முடியாதவை மற்றொரு வகை. காற்றிலே பறந்து வரும் பூச்சிக்கு வரப்பும் தெரியாது, வேலியும் தெரியாது. இவ்விரண்டாம் வகைத் தீங்கு ஒன்று 2008-ஆம் வருஷத்தில் கோயம்புத்தூர்ப் பகுதியில் தோன்றி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகிய பயிர்களை நம்பியிருந்த குடும்பங்களை நிலைகுலையச் செய்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிற ஸ்தாபனங்களோடு கூடி இத்தீங்கை அடக்கிய வரலாறு, ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்து மனத்தில் வைக்கத் தக்கதாகும்.

சர்வகலாசாலையின் பூர்வ வரலாறு

இந்தச் சர்வகலாசாலையின் மூலம் மிகப் பழமையானது. 1868-இல் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் ஏற்பட்ட விவசாயப் பள்ளியே அதன் முதல் வித்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு விவசாயக் கல்லூரியாயிற்று. 1971-இல் தனிச் சர்வகலாசாலையாக உயர்ந்தது. போதனை, ஆராய்ச்சி, விஸ்தரிப்பு ஆகிய மூன்றும் அதன் கடமைகள். விஸ்தரிப்பு என்பது ஆராய்ச்சியில் கண்டதைக் குடியானவனின் வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இந்தியாவின் முதலாவது வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் இச்சர்வகலாசாலையின் ஆதரவிலேயே ஏற்பட்டது. அதன் மாணவர்கள் பட்டம் பெறுமுன் கிராமங்களில் தங்கிக் குடியானவர்களோடு வேலை செய்து பழக வேண்டும் என்பது பாடத் திட்டத்தின் ஓர் அங்கமாகும். இவ்வாறு ஊர்களோடு முன்பே தொடர்பு இருந்தமையால்தான், பூச்சியின் தொல்லை வந்தபோது அதற்குரிய பரிகாரத்தை விரைவில் ஊர்தோறும் கொண்டு செல்ல முடிந்தது.

தீங்கின் வரவு

இப்பூச்சியின் பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்பது சாஸ்திரப் பெயர். மெக்ஸிகோவும் அதனை அடுத்த மத்திய அமெரிக்க தேசங்களும் அதன் ஜன்ம பூமி. அங்கே அது பெரிய தீங்கு எதனையும் செய்ததில்லை. 1990-க்குப் பின் கரீபியன் தீவுகளிலும், 1998-இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும், பின்னர் பசிபிக் தீவுகள் சிலவற்றிலும் அது பரவியது. 2008-இல் இலங்கையிலும், அவ்வருஷமே கோயம்புத்தூரிலும் காணப்பட்டது. அடுத்த இரண்டு வருஷங்களுக்குள் ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் முதலிய ஜில்லாக்களும் அயல் ராஜ்யங்கள் சிலவும் அதற்கு இரையாயின.

பூச்சியின் உடல் மஞ்சள் நிறம். மேலே வெண்ணிற மாவைத் தூவினாற்போல் மெழுகுப் பொடி படிந்திருக்கும். பஞ்சு போன்ற ஒரு பையினுள் தாய்ப்பூச்சி 100 முதல் 600 வரை முட்டைகளை இடும். சுமார் பத்து நாட்களில் வெளிவரும் குஞ்சுகள் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும். காற்று அவற்றை அடுத்த தோட்டத்திற்குச் சுமந்து செல்லும். மனிதர் உடையிலும், ஆடு மாடுகளின் உடலிலும், நடவுக்கென வெட்டிச் செல்லும் மரவள்ளிக் குச்சியிலும் மல்பெரிக் குச்சியிலும் தொற்றிக்கொண்டு அவை ஊர்விட்டு ஊர் போகும்.

இலையின் அடிப்புறத்திலும் இளந்தண்டிலும் காயிலும் கூட்டமாக அமர்ந்து இப்பூச்சி சாற்றை உறிஞ்சும். இலை சுருங்கி மஞ்சளாகி உதிரும், குருத்து கருகும், காய் பிஞ்சிலேயே விழும். பூச்சி கழிக்கும் தேன் போன்ற நீர் இலைமேல் படிய, அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து வெயிலை மறைக்கும். தாக்குதல் முற்றினால் பப்பாளி மரம் அடியோடு பட்டுப்போகும். பப்பாளியோடு நில்லாமல் செம்பருத்தி, பருத்தி, துத்தி, பார்த்தீனியம் எனப் பயிரும் களையுமாகப் பற்பல செடிகளில் அது வாழ வல்லது. ஆகவே தோட்டத்தைச் சுத்தம் செய்தாலும் வேலியோரத்துத் துத்திச் செடியில் அது காத்திருக்கும்.

நஷ்டத்தின் அளவு

கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பப்பாளி பழத்துக்காக மட்டுமன்றிப் பாலுக்காகவும் பயிராவது. பச்சைக் காயைக் கீறி வடிக்கும் பாலிலிருந்து பப்பெய்ன் என்னும் சரக்கு எடுக்கப்படுகிறது. மருந்துக்கும் உணவுத் தொழிலுக்கும் அது தேவை. இதற்கு ஏற்ற ரகங்களை இச்சர்வகலாசாலையே உண்டாக்கித் தந்திருந்தது. சேலம், நாமக்கல் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று வழங்கும் மரவள்ளியே ஜவ்வரிசி ஆலைகளுக்கும் மாவு ஆலைகளுக்கும் மூலப்பொருள். 1981-இல் சேலத்தில் ஏற்பட்ட ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் அத்தொழிலை ஆதாரமாகக் கொண்டது. திருப்பூர், ஈரோடு பக்கத்தில் மல்பெரித் தோட்டம் வைத்துப் பட்டுப்புழு வளர்த்துப் பிழைக்கும் சிறு குடும்பங்கள் பல. கிழங்கு குறைந்தால் ஆலைக்கு வேலை குறையும். ஆலைக்கு வேலை குறைந்தால் கூலிக்காரருக்கு ஜீவனம் குறையும். பயிரை நம்பிக் கடன் கொடுத்த சங்கத்துக்கும் தவணை வசூலாகாது. பூச்சி ஒரு தோட்டத்தில் உட்கார்ந்தாலும் அதன் பாரம் ஊரின் தலைமீது விழுந்தது.

மருந்து பலிக்காத காரணம்

குடியானவர்கள் முதலில் நாடியது கடையில் விற்கும் பூச்சிமருந்தையே. ஒன்று பலிக்காதபோது மற்றொன்று, அதுவும் பலிக்காதபோது இரண்டையும் கலந்து என்றவாறு அடித்தனர். இதனால் செலவு ஏறியதேயன்றிப் பூச்சி குறையவில்லை. அதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, பூச்சியின் மேலுள்ள மெழுகுப் பூச்சில் மருந்து ஒட்டுவதில்லை. முட்டைகளோ பஞ்சுப் பையினுள் பத்திரமாக இருக்கின்றன. இரண்டாவது, பூச்சி இலையின் அடிப்புறத்தில் மறைந்திருக்கையில் மருந்து மேற்புறத்தில் விழுகிறது. மூன்றாவது, ஒரு தோட்டத்தில் அழிந்தாலும் அடுத்த தோட்டத்திலிருந்தும் புறம்போக்குக் களைகளிலிருந்தும் சில நாட்களில் மீண்டும் வந்து சேருகிறது. நான்காவது காரணமே மிகவும் முக்கியமானது. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு முதலிய நல்ல பூச்சிகளுக்கு மெழுகுக் கவசம் இல்லை. மருந்து அவற்றைத்தான் முதலில் கொன்றது. தீயவனை விட்டுக் காவற்காரனை அடித்ததற்கு இது ஒப்பாகும்.

மல்பெரி வைத்தவர் நிலைமை இன்னும் பரிதாபமானது. மருந்து அடித்த இலையைத் தின்றால் பட்டுப்புழு இறந்துபோகும். மருந்து அடித்தால் புழு போயிற்று. அடிக்காவிட்டால் இலை போயிற்று. இரண்டு வழியும் அடைபட்ட அக்குடும்பங்களுக்கு வேறொரு பரிகாரம் அவசியமாயிற்று.

எதிரியின் எதிரி

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பது பழமொழி. ஓர் உயிரை அதன் இயற்கைச் சத்துருவைக் கொண்டே அடக்குவது புதிய யோசனையன்று. 1888-இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்து வந்த செதிள்பூச்சி ஒன்றை, அதன் தாய்நாடான ஆஸ்திரேலியாவிலிருந்து வருவிக்கப்பட்ட சிறு பொறிவண்டு அடக்கியது. தென்னிந்தியாவிலும் இதற்கு உதாரணம் உண்டு. மேய்ச்சல் நிலத்தையும் சாகுபடி நிலத்தையும் புதராக மூடியிருந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க, 1926-இல் இலங்கையிலிருந்து ஒருவகைக் கொச்சினீல் பூச்சி கொண்டுவரப்பட்டது. அரிவாளுக்கும் நெருப்புக்கும் அடங்காத கள்ளி அப்பூச்சிக்கு அடங்கிற்று.

அயல்நாட்டிலிருந்து வரும் பூச்சி இங்கே கட்டுக்கடங்காமல் பெருகுவதன் ரகசியம் இதுவே: பூச்சி வந்து சேர்ந்தது, ஆனால் ஜன்ம பூமியில் அதனை அடக்கி வைத்திருந்த சத்துரு அதனோடு வரவில்லை. உள்ளூர்ச் சத்துருக்கள் சில முயன்றதுண்டு. ஒரு சிறு பட்டாம்பூச்சியின் புழு மாவுப்பூச்சியை விரும்பித் தின்பதைத் தோட்டங்களில் காணலாயிற்று. அதன் கூட்டுப்புழு குரங்கின் முகத்தை ஒத்திருக்கும். எனினும் பூச்சி பெருகும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே மெக்ஸிகோவிலிருந்த பழைய சத்துருவையே தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

அமெரிக்க விவசாய இலாகாவினர் இதற்கு முன்பே மெக்ஸிகோவில் தேடிக் கண்டெடுத்த ஒட்டுண்ணிக் குளவிகளை போர்ட்டோ ரிக்கோ தீவில் வளர்த்து வந்தனர். வர்ஜீனியா டெக் சர்வகலாசாலை நடத்திய பயிர்ப் பாதுகாப்புத் திட்டத்தில் கோயம்புத்தூர் சர்வகலாசாலையும் ஒரு பங்காளி. இலங்கை 2009-இல் இக்குளவிகளை வருவித்து நற்பலன் கண்டிருந்தது. 2010-இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் முக்கியத்துவப் பூச்சிகள் நிலையம் மூன்று இனக் குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்தது. அவற்றின் பெயர்கள் அசிரோபேகஸ் பப்பாயே, அனாகைரஸ் லோக்கி, சூடோலெப்டோமாஸ்டிக்ஸ் மெக்ஸிகானா என்பன.

வந்தவுடனே அவை வயலில் விடப்படவில்லை. அயல்நாட்டு உயிரொன்றை ஆராயாமல் விடுவது ஒரு தீங்கை நீக்க மற்றொரு தீங்கை அழைப்பதாக முடியலாம். ஆகவே அடைத்த அறைகளில் வைத்துச் சோதித்து, அவை பிற நன்மை தரும் உயிர்களைத் தீண்டாதவை என்று கண்ட பின்னரே அனுமதி கிடைத்தது. அவ்வருஷம் அக்டோபர் முதல் அவை வயல்களில் விடப்பட்டன.

குளவி வேலை செய்யும் விதம்

குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. அசிரோபேகஸ் பப்பாயே ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அற்பப் பிராணி. மனிதரையோ மாட்டையோ அது ஒன்றும் செய்யாது, இலையையும் தின்னாது. பெண் குளவி மாவுப்பூச்சிக் குஞ்சின் உடலைத் துளைத்து அதனுள் முட்டையை வைக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு மாவுப்பூச்சியின் உட்பொருளைத் தின்று வளரும். மாவுப்பூச்சி உப்பி, கெட்டியாகி, பழுப்பு நிறக் கூடாகிவிடும். பின் அக்கூட்டில் ஒரு வட்டத் துளை இட்டுப் புதுக் குளவி வெளியே வரும். வந்ததும் அடுத்த மாவுப்பூச்சியைத் தேடிச் செல்லும்.

கைத்தெளிப்பானுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கவனிக்கத் தக்கது. தெளிப்பான் மனிதன் கொண்டு சென்ற இடத்துக்கு மட்டுமே செல்லும். குளவி பூச்சி இருக்கும் இடத்தைத் தானே கண்டறியும். மருந்து ஒருமுறை அடித்தால் தீர்ந்துபோம். குளவியோ தலைமுறை தலைமுறையாகப் பெருகும். மருந்து தீயது நல்லது என்று பாராமல் கொல்லும். குளவி தன் இரையை மட்டுமே நாடும்.

ஊர்களுக்குச் சென்ற விதம்

சிறிதளவே வந்த குளவிகளைப் பல ஜில்லாக்களுக்கும் போதுமானவையாகப் பெருக்குவதே அடுத்த வேலை. குளவியை வளர்க்க வேண்டுமானால் முதலில் அதன் இரையான மாவுப்பூச்சியை வளர்க்க வேண்டும். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சி நன்கு வளர்வது கண்டு, கூண்டுகளில் கிழங்கு வைத்து, அதில் பூச்சியை ஏற்றி, பின் குளவியை விட்டுப் பெருக்கினர். சர்வகலாசாலையின் ஆராய்ச்சி நிலையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இவ்வேலையைப் பகிர்ந்துகொண்டன. குடியானவர்களுக்குப் பூச்சியையும் குளவியையும் நேரில் காட்டிப் பயிற்சி அளித்து, தோட்டங்களில் விட ஏற்பாடு செய்யப்பட்டது.

மருந்துக்குப் பழகிய கண்ணுக்கு இப்பரிகாரம் முதலில் நம்பிக்கை அளிப்பது அரிது. மருந்து அடித்த மறுநாள் செத்த பூச்சியைக் காணலாம். குளவியை விட்ட மறுநாள் ஒன்றையும் காண முடியாது. இக்காத்திருப்பே குடியானவனுக்குக் கடினமான பரீட்சை. அவசரப்பட்டு மருந்து அடித்தால் விட்ட குளவி செத்துப்போம். முயற்சி முழுதும் வீணாகும். பொறுத்திருந்த ஊர்களில் சுமார் ஐந்தாறு மாதங்களில் பூச்சி அடங்கியது. 2011-இல் பப்பாளியும் மல்பெரியும் மரவள்ளியும் மீண்டும் தழைத்தன. மூன்று இனங்களில் அசிரோபேகஸ் பப்பாயே என்பதே எங்கும் நிலைத்துப் பெரும்பங்கு வேலையைச் செய்தது.

இதனால் தேசத்துக்கு விளைந்த லாபத்தை நிபுணர்கள் கணக்கிட்டுள்ளனர். 2014-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, முதல் வருஷத்தில் மட்டும் ஏற்பட்ட நன்மை குறைந்தபட்சம் 12 கோடி அமெரிக்க டாலர். இந்நன்மைக்காகக் குடியானவன் வருஷந்தோறும் எதையும் வாங்கித் தெளிக்க வேண்டியதில்லை.

மீண்டும் வந்த சோதனை

2020-இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் வேறொரு மாவுப்பூச்சி தோன்றி, பின் தமிழ்நாட்டு மரவள்ளியையும் தாக்கியது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி 1970-க்குப் பின் ஆப்பிரிக்காவில் புகுந்து, மரவள்ளியையே உணவாகக் கொண்ட கோடிக்கணக்கான ஜனங்களைப் பஞ்சத்தின் விளிம்புக்குத் தள்ளியது. ஹான்ஸ் ஹெரன் என்னும் சுவிட்சர்லாந்து தேசத்துப் பூச்சி சாஸ்திர நிபுணரின் தலைமையில், அனாகைரஸ் லோபெசி என்னும் குளவியை 1981 முதல் நைஜீரியா தொடங்கிப் பல தேசங்களில் விட்டு அதனை அடக்கினர். அச்சேவைக்காக அவருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே குளவி 2021-இல் ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்திலிருந்து பெங்களூர் நிலையத்துக்கு வந்தது. 2022-இல் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில், சர்வகலாசாலையின் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விடப்பட்டது. பப்பாளிப் பூச்சியை அடக்கியபோது கிடைத்த அனுபவம் இச்சமயம் பெரிதும் உதவியது. எந்தக் குளவி வேண்டும், அதை எங்கே கேட்பது, எவ்வாறு பெருக்குவது, குடியானவருக்கு என்ன சொல்வது என்பவை முன்பே பழகிய விஷயங்களாகிவிட்டன.

சங்க அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை

பூச்சி அடங்கியது என்றால் அடியோடு அழிந்தது என்று பொருளல்ல. சிறிதளவு மாவுப்பூச்சி எப்போதும் இருக்கும், இருக்கவும் வேண்டும். இரை முழுதும் ஒழிந்தால் குளவிக்கும் ஜீவனமில்லை. இலையில் நான்கு பூச்சியைக் கண்டதும் தெளிப்பானைத் தூக்குவது காவலைக் கலைத்துத் திருடனை அழைப்பதாகும். ஆகவே இவற்றைக் கவனிப்பது நலம்.

முதலாவது, மருந்து அடிக்குமுன் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழுப்பு நிறமாகி உப்பிய கூடுகளும் துளைகளும் காணப்பட்டால் குளவி வேலை செய்கிறது என்று அறிந்து பொறுத்திருக்க வேண்டும். அத்தகைய இலைகளைக் கொளுத்துவது தவறு; அதில் வெளிவர வேண்டிய குளவிகள் இருக்கும்.

இரண்டாவது, எறும்புகளைத் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் தேன்நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நின்று குளவிகளை விரட்டும்.

மூன்றாவது, வேலியோரத்துத் துத்தியையும் பார்த்தீனியத்தையும் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு அகற்ற வேண்டும். புறம்போக்கில் உள்ளதை ஊரார் கூடி அகற்ற வேண்டும்.

நான்காவது, நடவுக் குச்சிகளைப் பூச்சி தாக்கிய தோட்டத்திலிருந்து எடுக்கலாகாது. அயலூரிலிருந்து வரும் குச்சியை ஆராய்ந்த பின்னரே நட வேண்டும்.

ஐந்தாவது, இதுவரை காணாத பூச்சி எதுவும் தென்பட்டால் கடைக்காரரிடம் மருந்து கேட்குமுன் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பூச்சி பத்துத் தோட்டத்தில் இருக்கையில் தெரிவிப்பதற்கும் பத்து ஜில்லாவில் பரவிய பின் தெரிவிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பல கோடி ரூபாய் ஆகும்.

இவை யாவும் தனி ஒருவரால் ஆகக் கூடியவை அல்ல. ஒருவர் பொறுத்திருக்க அடுத்தவர் மருந்து அடித்தால் இருவர் தோட்டத்துக் குளவியும் அழியும். ஒருவர் களையை அகற்ற அடுத்தவர் வளர்த்தால் இருவர் தோட்டமும் கெடும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். சங்கத்தின் மாதக் கூட்டத்தில் கடன், தவணை பற்றிய விஷயங்கள் முடிந்த பின், பயிரின் நிலைமை குறித்தும் கால்மணி நேரம் பேசுவது வழக்கமாக வேண்டும். எந்தத் தோட்டத்தில் என்ன பூச்சி, யார் என்ன அடித்தார், நிலையத்துக்கு யார் செய்தி சொல்வது என்பவற்றை அங்கேயே தீர்மானித்துக்கொண்டால், பூச்சியின் வரவு எல்லோருக்கும் முன்னதாகத் தெரிந்துவிடும். கடன் வாங்கிய குடியானவனின் பயிர் காப்பாற்றப்பட்டால் சங்கத்தின் முதலும் காப்பாற்றப்பட்டதாகும்.